புது பிக்கப்பை வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஒரு முடிவு எடுத்தாக வேண்டியிருந்தது. மழை விட்டதும் காபிப் பழம் எடுப்பு தொடங்கிவிடும். அதன் பிறகு வண்டி இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. வாங்கி ஒன்பது மாதமே ஆன பிக்கப் அதற்குள் இருபத்து மூன்று நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றிருந்தது. வைத்துக்கொள்வதா, நஷ்டத்துக்காவது தள்ளிவிடுவதா என்று வீட்டில் பேசாத ராத்திரி இல்லை. இதே இடத்தில் வேறு யாராவது நின்றுகொண்டிருக்கலாம் என்றுதான் எங்களுக்கு நடந்ததை முழுதாக எழுதுகிறேன்.

எங்களுக்கு ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் நாலு ஏக்கர். காபி, ஊடே மிளகு, சில்வர் ஓக், கொஞ்சம் பலா, பட்டர் ஃப்ரூட். வெறும் அதற்காகச் சொந்த வண்டி வேண்டியதில்லை. அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் சரக்கு ஏற்றிச் சேலத்தில் கொண்டுபோய் இறக்குவது வீட்டுக்காரரின் வேலை. வாரா வாரம் கையில் காசு வருவது அதில்தான். 2011-ல் எடுத்த பழைய பிக்கப் பதிமூன்று வருஷம் உழைத்தது. அதைக் கொடுத்துவிட்டு 2025 ஜனவரியில், பொங்கல் முடிந்த கையோடு புதிது எடுத்தோம். எல்லாம் சேர்த்து 10 லட்சத்து 40 ஆயிரம். இரண்டு லட்சம் கையிலிருந்து கட்டினோம், மீதி 8 லட்சத்து 40 ஆயிரம் ஐந்து வருஷக் கடன். மாதம் 17,850 ரூபாய் டியூ. ஆர்.சி. என் பெயரில், கணக்கு நோட்டும் என் கையில்.

மார்ச்சில் முதல் தொந்தரவு. இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டியில் இழுவை இல்லை. ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி மாதிரி ஊர்ந்தது. ஒர்க்‌ஷாப்பில் கம்ப்யூட்டரை மாட்டி, அரை மணி நேரம் ஒரே இடத்தில் நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, "சரியாயிடுச்சு" என்று கொடுத்தார்கள். ஏப்ரலில் மறுபடியும் அதே. மே மாதக் கோடை மழையில் புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது. மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது, சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜின் நின்றுபோனது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆனது.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் ஒரே நோயாகத்தான் பார்த்தார்கள். ஒரு தடவை சென்சார் மாற்றினார்கள். ஒரு தடவை டீசல் சரியில்லை என்றார்கள். ஜூன் மாதம், நாங்கள் வெளியே போட்ட பனிமூட்ட விளக்கைக் காட்டி, "வெளி ஒயரிங் போட்டிருக்கீங்க, வாரண்டியே வராதுங்க" என்றார்கள். ஏற்காட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் அந்த விளக்கு இல்லாமல் ஓட்ட முடியாது. இருந்தாலும் கழற்றினோம். கழற்றிய பிறகும் வண்டி நின்றது. அந்தக் காரணம் அதோடு அடிபட்டுப் போனது நல்லதற்குத்தான். உங்கள் வண்டியில் வெளியே போட்ட ஹாரன், விளக்கு, பாட்டுப்பெட்டி எதுவானாலும், சண்டை போடுவதற்கு முன் நீங்களே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஒரு மாத அலைச்சல் மிச்சமாகும்.

என் பெரியப்பா சங்ககிரியில் லாரி ஓட்டியவர். ஜூலையில் ஒரு விசேஷத்துக்கு வந்தவரிடம் அழாத குறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டி மேல கோபப்படாத கண்ணு. எப்ப நிக்குது, எங்க நிக்குது, என்ன லோடு, மழையா வெயிலா, எல்லாத்தையும் எழுதி வை. எழுதி வெச்சா அதுவே சொல்லும்" என்றார்.

அன்று ராத்திரியே பிள்ளையின் நோட்டில் கோடு போட்டேன். தேதி, எத்தனையாவது கிலோமீட்டர், லோடா காலியா, ஏற்றமா இறக்கமா, மழையா மூட்டமா வெயிலா, எந்த விளக்கு எரிந்தது, எந்த வளைவு, எப்படி மறுபடி ஸ்டார்ட் ஆனது, ஒர்க்‌ஷாப்பில் என்ன சொன்னார்கள். ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு என்பதால் இடத்தைக் குறிப்பது சுலபம். பழைய சம்பவங்களையும் வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். முதலில் அவருக்குச் சலிப்பாக இருந்தது. "ஏங்க, அன்னிக்கு வலது பக்க வளைவா இடது பக்கமா?" என்று சோறு போடும்போது கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும்தான்.

ஆகஸ்டில் நடந்தது அந்தச் சலிப்பைப் போக்கிவிட்டது. பட்டர் ஃப்ரூட் ஏற்றிக்கொண்டு இறங்குகிறார், நானும் பக்கத்தில் இருந்தேன். தூறல், பத்தடி தூரம்கூடத் தெரியாத மூட்டம். பத்தாவது வளைவை ஒட்டி, இடது பக்கம் ஒடித்துத் திருப்புகிற இடத்தில் இரண்டாவது கியரிலிருந்து ஒன்றுக்கு மாற்ற கிளட்சை மிதித்தார். சத்தமே அடங்கிவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. அவர் தோள்பட்டையால் தள்ளித் திருப்பியது இன்றும் கண்ணில் நிற்கிறது. பிரேக்கை இரண்டு தரம் மிதித்தார், மூன்றாவது தரம் மிதிக்கும்போது பெடல் இறங்கவே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கச் சுவரில் உரசினாற்போல் நிறுத்தினார். நான் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். கல்லை வைத்த பிறகுதான் கை நடுங்க ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ் டிரைவர் இறங்கி வந்து, "அண்ணா, கியரைப் போட்டுட்டு அப்படியே இருங்க" என்று சொல்லி, மற்ற வண்டிகளை ஒதுக்கி அனுப்பிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. இறக்கத்தில் கியரில் இருக்கும் வரை, டீசல் போகாவிட்டாலும் சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் வேண்டிய உதவி கிடைத்துக்கொண்டே இருக்கும். கிளட்சை மிதித்த நொடியில் அது அறுந்துவிடுகிறது. எத்தனையோ இறக்கங்களில் இன்ஜின் அரை நொடி நின்று மறுபடி பிடித்திருக்கலாம், எங்களுக்குத் தெரியாமலே. மலையில் ஓட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கத்தில் இன்ஜின் நின்றால் கிளட்சைத் தொடாதீர்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடியுங்கள். மலைப்பக்கமாக ஒதுங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர், "வித்துடலாம், இது வேண்டாம்" என்றார். எனக்கும் அதே எண்ணம்தான். கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு புரோக்கரிடம் கேட்டோம். 7 லட்சத்து 65 ஆயிரம் என்றார். ஃபைனான்ஸில் கேட்டால், அன்றைய தேதிக்கு அசல் பாக்கி 7 லட்சத்து 62 ஆயிரம். முன்கூட்டியே முடிப்பதற்கு நாலு சதவீதம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி., ஆக 36 ஆயிரம். வண்டியையும் கொடுத்து, கையிலிருந்து 33 ஆயிரமும் கொடுக்க வேண்டும். முதலில் கட்டிய இரண்டு லட்சம், ஏழு மாத டியூ எல்லாம் போனதுதான். விற்கப் போகிறவர்கள் புரோக்கரிடம் போவதற்கு முன் ஃபைனான்ஸில் இந்தக் கணக்கை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கடன் தீர்ந்ததற்கு என்.ஓ.சி.யும், ஆர்.சி.யில் கடன் குறிப்பை நீக்குவதற்கான ஃபார்ம் 35-ம் ஃபைனான்ஸிலிருந்து வந்தால்தான் பெயர் மாற்றம் சுத்தமாக நடக்கும். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன், சாவியைக் கொடுங்க" என்று சொல்கிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் உட்கார்ந்து எல்லா வரியையும் இரண்டு கலர் பேனாவால் பிரித்தேன். விளக்கு எரிந்து இழுவை போனவை நீலம், திடீரென்று நின்றவை சிவப்பு. பிரித்ததும் பெரியப்பா சொன்னது சரியாகிவிட்டது. நீலம் ஐந்து தடவை. எல்லாம் ஏறக்குறைய அறுநூறு, எழுநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை, வெயிலிலும் வந்தது, மழையிலும் வந்தது. ஒவ்வொன்றுக்கும் முந்தின வாரம் தோட்டத்துக்குள்ளேயே குட்டிக் குட்டி ஓட்டம் அதிகம். சிவப்பு ஆறு தடவை. ஆறும் இறக்கத்தில், ஆறும் லோடோடு, ஆறும் ஈரத்தில். இடம் சரியாக நினைவிருந்த ஐந்தும் இடது பக்க வளைவு. இரண்டு வேறு நோய், இரண்டுக்கும் சேர்த்து ஒரே மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நீலத்தின் காரணம் முதலில் பிடிபட்டது. 2020 ஏப்ரலிலிருந்து பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி விற்கிற டீசல் வண்டிகளில் சைலன்சர் பக்கம் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று வைக்கிறார்கள். டி.பி.எஃப். என்பார்கள். பிடித்த கரியை வண்டி அவ்வப்போது தானே எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஃபில்டருக்குள் கிட்டத்தட்ட 600 டிகிரி சூடு, அதுவும் கால் மணி நேரம் போல விடாமல் வேண்டும். நடுவில் வண்டியை அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். நாலைந்து தடவை அப்படி நின்றால் கரி அடைத்துக்கொள்ளும், வண்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இழுவையைக் குறைத்துக்கொள்ளும்.

மலை ஏறுகிற வண்டிக்கு ஏன் சூடு பற்றவில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. ஒரு நாள் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. எங்கள் தொழிலில் லோடு இறங்குகிறது, ஏறுவது காலி வண்டி. இறங்கும்போது லோடு இருந்தும் ஆக்சிலேட்டரில் கால் படாது, இன்ஜினை வைத்தே வேகத்தைப் பிடிக்கிறோம். அப்போது எரிப்பே இல்லாமல் வெறும் காற்று உள்ளே போய் வெளியே வந்து ஃபில்டரைக் குளிர வைக்கிறது. ஏறும்போது காலி வண்டி, இன்ஜினுக்குப் பெரிய வேலை இல்லை. மேலே வந்ததும் தோட்டம் தோட்டமாக ஐந்நூறு மீட்டர் ஓட்டி, இன்ஜினை அணைக்காமல் மூட்டை ஏற்றுவது. கரி சேருவதற்கு இதைவிட நல்ல வழி வேறில்லை. எங்களுடைய பழைய வண்டியில் அந்த ஃபில்டரே கிடையாது. அதை ஓட்டிய மாதிரியே பதிமூன்று வருஷப் பழக்கத்தில் இதையும் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இதற்கு ஒரு சாட்சியும் கிடைத்தது. ஆயில் பார்க்கிற கம்பியை அவர் உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் குறைந்திருக்கும் என்றுதான் நினைத்தோம். மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல் அகலம் ஏறியிருந்தது. தொட்டுப் பார்த்தால் பிசுபிசுப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. முகர்ந்தால் டீசல் வாடை. கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சுகிற டீசல், வேலை பாதியில் நிற்கும்போதெல்லாம் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டினால் இன்ஜினே தேய்ந்துவிடும். அன்றே ஆயில் மாற்றினோம். டி.பி.எஃப். வண்டி வைத்திருப்பவர்கள் ஆயில் குறைகிறதா என்று மட்டும் பார்க்காமல், ஏறுகிறதா என்றும் வாரம் ஒருமுறை பாருங்கள். மாற்றும்போது கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடு ஆயில்தான் ஊற்ற வேண்டும். சாதா ஆயிலின் சாம்பல் ஃபில்டரை அடைக்கும், அந்தச் சாம்பலை எரித்துப் போக்க முடியாது.

இடையில் இரண்டு பட்டறைகளில், "பதினைஞ்சாயிரம் கொடுங்க, ஃபில்டரைக் கழட்டிப் போட்டு கம்ப்யூட்டர்ல செட் பண்ணிடறோம், ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை" என்றார்கள். தெரிந்தவர்கள் பலர் செய்திருக்கிறார்கள். வாரண்டி அன்றோடு முடிந்துவிடும், சட்டத்துக்கும் விரோதம். அது போக, அந்தப் புகை போவது எங்கள் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற ரோட்டில். வேண்டாம் என்று வந்துவிட்டோம்.

சிவப்புதான் பயம். அதைக் கண்டுபிடிக்க ஒர்க்‌ஷாப் ஆள் மலைக்கு வந்தாக வேண்டும். காலி வண்டியை அஸ்தம்பட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு "ப்ராப்ளம் எதுவும் காட்டலைங்க" என்றால் எப்படிக் காட்டும்? வளைவும் இல்லை, லோடும் இல்லை, ஈரமும் இல்லை. அதுவரை எங்களிடம் இருந்த ஜாப் கார்டுகளை, அதாவது வண்டி விடும்போது நம் புகாரை எழுதித் தருகிற தாள்களை, எடுத்துப் பார்த்து எனக்குத் தலை சுற்றியது. ஆறு தடவை இன்ஜின் நின்றதற்காக வண்டி விட்டிருக்கிறோம், நாலு ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று மட்டும் போட்டிருந்தது. அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு வந்திருக்கிறார். அவசரம், சரக்குக்காரர் போன் மேல் போன். இந்த முழு அனுபவத்தில் எங்கள் பக்கத் தவறு என்றால் இதுதான். 'இறக்கத்தில், லோடோடு, ஓடும்போதே இன்ஜின் நின்றது' என்று நாம் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வண்டி எடுக்கும்போது என்ன செய்தார்கள், எதை மாற்றினார்கள் என்ற தாளையும் வாங்குங்கள். நாள் போன பிறகு நம் பேச்சுக்கு மதிப்பில்லை, தாளுக்குத்தான்.

செப்டம்பர் முதல் வாரம் ஒரு கடிதம் எழுதினேன். டீலருக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, இரண்டும் ரிஜிஸ்டர் தபால், ஒப்புகை அட்டையோடு. கோபமான வார்த்தை ஒன்றும் போடவில்லை. நோட்டில் இருந்த பதினொரு சம்பவத்தையும் தேதியோடு பட்டியலாக வைத்தேன். லோடு அதிகம் என்று சொல்லிவிடக் கூடாதே என்று எடை மேடைச் சீட்டுகளின் நகலையும் வைத்தேன். கேட்டது மூன்று: லோடோடு மலையில் சோதனை ஓட்டம், அதன் முடிவு எழுத்தில், காரணமான பாகத்துக்கு முழு மாற்று. பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தேன்.

அதற்கு முன்பே சட்டம் எப்படி என்று விசாரித்து வைத்திருந்தோம். "கமர்ஷியல் வண்டிக்கு கன்ஸ்யூமர் கோர்ட் கிடையாது" என்று எங்களிடம் நாலு பேர் சொன்னார்கள். பாதிதான் உண்மை. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபார நோக்கத்துக்கு வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துகிறவரை அந்த விலக்கு பாதிக்காது என்று அதிலேயே விளக்கம் இருக்கிறது. ஒரே வண்டி வைத்துச் சொந்தமாக ஓட்டிப் பிழைக்கிற குடும்பம் அதைச் சொல்லி வாதாடலாம். நம் ஊர் மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கட்டணமும் பயப்படும்படி இல்லை, பத்திலிருந்து இருபது லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு 400 ரூபாய். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முதல்படியாக 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். தயாரிப்பிலேயே கோளாறு என்று நிரூபிக்க நிபுணர் அறிக்கை கேட்பார்கள். ஆகவே ஆணையம் வரை போகிற எண்ணம் இருந்தால், கோளாறான பாகத்தைக் கழற்றி எறியவிடாதீர்கள். எங்களுக்கு அந்த அளவுக்குப் போக வேண்டி வரவில்லை.

பத்தாவது நாள் போன் வந்தது. ஒரு சின்ன வயசுப் பையன், டெக்னீஷியன், லேப்டாப்போடு வந்தான். அவன் வருகிற அன்று வானம் பளிச்சென்று இருந்தது, எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு டன் உர மூட்டையை ஏற்றி மேலேயிருந்து இறக்கினார்கள். ஒன்றும் ஆகவில்லை. "இன்னொரு தடவை போலாம் தம்பி, ஒயர்ல தண்ணி அடிச்சுட்டு" என்று வீட்டுக்காரர் சொன்னார். பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, தோட்டத்து ஹோஸை எடுத்து இன்ஜினுக்கு அடிப்பக்கம், கியர்பாக்ஸ் சேர்கிற இடமாகப் பீய்ச்சினான். இரண்டாவது தடவை இறங்கும்போது, எட்டாவது வளைவில், இடது திருப்பத்தில், அவன் மடியில் இருந்த லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த கோடு பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. இன்ஜின் நின்றது. "கிடைச்சிருச்சுண்ணா!" என்று அந்தப் பையன் கத்தினானாம். நின்றுபோன வண்டிக்குள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததாக அவர் வந்து சொன்னார்.

இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கிராங்க் சென்சாருக்குப் போகிற ஒயர்க் கட்டு. அதைப் பிடித்து வைக்கிற கிளிப் சரியாகப் பூட்டாமல், ஒரு இரும்புப் பட்டையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தது. லோடோடு இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போது இன்ஜின் கொஞ்சம் சாய்ந்து ஒயரை அந்த விளிம்பில் இழுக்கிறது. மேல் உறை தேய்ந்து, செம்பு இழை நெல் முனை அளவுக்கு வெளியே தெரிந்தது. ஈரம் பட்டால் போதும். மே மாதத்திலிருந்து எங்களை ஆட்டிவைத்தது அந்த நெல் முனைதான். ஒயர்க் கட்டு முழுவதையும் வாரண்டியில் மாற்றி, கிளிப்பை இடம் மாற்றிப் பூட்டினார்கள். எழுத்திலும் கொடுத்தார்கள்.

சரியாகிவிட்டதே, அப்புறம் என்ன யோசனை என்று தோன்றலாம். நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. அவர் இறக்கத்தில் கை வியர்த்துத்தான் ஓட்டினார். இதற்குள் செப்டம்பர் 22-ம் தேதியிலிருந்து சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எங்கள் வண்டியே புதிதாக எடுத்தால் எழுபதாயிரத்துக்கு மேல் விலை இறங்கிவிட்டது. புதுசு இறங்கினால் பழசு சும்மா இருக்குமா? அதே புரோக்கர் தீபாவளிக்கு முன் 7 லட்சத்து 10 ஆயிரம் என்றார். கடனை முடிக்கக் கையிலிருந்து போட வேண்டியது 33 ஆயிரத்திலிருந்து 64 ஆயிரமாக ஏறிவிட்டது.

இன்னொரு பக்கம் வைத்துக்கொண்டதன் செலவையும் எழுதினேன். இருபத்து மூன்று நாள் நின்றதில் பதினாலு நாள் வாடகை வண்டி, நடை 2,800 வீதம் 39,200. இரண்டு தடவை கட்டி இழுத்தது 9,000. அழுகிப்போன பட்டர் ஃப்ரூட்டுக்குச் சரக்குக்காரருக்குக் கொடுத்தது 11,000. ஆக 59,200 ரூபாய், ஒன்பது மாதத்தில். அடுத்த ஒன்பது மாதமும் இப்படியே போனால் விற்பதுதான் லாபம், போகாவிட்டால் வைத்திருப்பது லாபம். இதற்குமேல் கணக்கு நகரவில்லை.

நகர்த்தியது வீட்டுக்காரர் கேட்ட கேள்வி. "கட்டின காசை விடு. இதே வண்டியை, இப்ப இருக்கிற கண்டிஷன்ல, எல்லா விவரமும் தெரிஞ்சு, யாராச்சும் ஏழு லட்சத்துப் பத்துக்குக் குடுத்தா வாங்குவமா?" ஆகஸ்டில் இதைக் கேட்டிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்றிருப்பேன், காரணம் தெரியாமல் இறக்கத்தில் நிற்கிற வண்டி எந்த விலைக்கும் ஆகாது. இப்போது ஒன்றின் காரணம் கண்ணால் பார்த்துச் சரிசெய்தாகிவிட்டது, இன்னொன்று எங்கள் ஓட்டத்தில் இருக்கிறது. இன்னொரு வண்டி எடுத்தாலும் பி.எஸ். 6-தான், அதே ஃபில்டர்தான், அதே மலைதான். வாங்குவோம் என்றேன்.

வைத்துக்கொள்வது என்று முடிவானாலும் சில கட்டுப்பாடு வைத்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடியும்வரை இறக்கத்தில் ஒரே ஒரு தடவை நின்றாலும், எவ்வளவு நஷ்டமானாலும் விற்பது, அதற்கு மேல் பேச்சில்லை. அதுவரை நானோ பிள்ளையோ லோடு வண்டியில் ஏறுவதில்லை. சேலத்தில் சரக்கு இறக்கியதும் வாரம் ஒருமுறை சீலநாயக்கன்பட்டியில் பைபாஸ் ஏறி, மல்லூர் தாண்டி ஆண்டகளூர் கேட் வரை போய்த் திரும்புவது. நடுவில் நிறுத்தாமல், அறுபதில், நாலாவது கியரில். ஃபில்டர் தானே சுத்தமாகிவிடுகிறது. டீசல் செலவு நானூறு ரூபாய்க்குள். காலி வண்டியாக ஏறாமல், அக்கம்பக்கத்துக்கு உரம், சிமெண்ட் என்று திரும்பு லோடு பிடிக்கச் சொன்னேன். இன்ஜினுக்கு வேலை, எங்களுக்கும் நடைக்கு எண்ணூறு, ஆயிரம் வருகிறது. மூட்டை ஏற்றும்போது இன்ஜினை அணைத்துவிடுவது பழக்கத்துக்கு வர ஒரு மாதம் ஆனது. டீலரிடம் மறுபடி பேசி, வாரண்டியை ஐந்து வருஷத்துக்கு நீட்டிக்கிற செலவில் பாதியை அவர்கள் ஏற்கும்படி செய்தோம். அதையும் எழுத்தில் வாங்கினோம்.

மழை முடிந்தது. நோட்டில் சிவப்பு விழவில்லை. நீலம் ஒரு தடவை விழுந்தது, டிசம்பரில். பழம் எடுப்பு மும்முரத்தில் இரண்டு வாரம் பைபாஸ் ஓட்டத்தை விட்டுவிட்டார், விளக்கு எரிந்துவிட்டது. அன்றைக்கே சேலம் இறங்கி ஆண்டகளூர் கேட் வரை ஓட்டினார், திரும்பி வருவதற்குள் அணைந்துவிட்டது. இப்போது மிளகு காய்ந்து மூட்டை கட்டியாகிவிட்டது, நாளைக் காலை லோடு. இந்தத் தடவை நானும் அவரோடு இறங்குகிறேன்.